வீட்டுக்குள் கடல் வைப்போர் உப்பின் கணக்கையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு வரவேற்பறையில் பெரிய கண்ணாடித் தொட்டி அமைத்துக் கடல்மீன்களையும் பவளங்களையும் வளர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. தொட்டிக்கு ஆகும் செலவு, நீல விளக்கில் பவளங்கள் ஒளிரும் விதம், மீன்களின் நிறங்கள் எல்லாம் அதில் விரிவாக இருந்தன. ஆனால் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மாற்றி எடுக்கும் உப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகளை அக்கட்டுரை கேட்கவே இல்லை. கடற்கரை ஊரில் குடியிருப்பவருக்கு இவை சிறிய கேள்விகளாக இருக்கலாம். திருப்பூரிலும் காங்கயத்திலும் ஈரோட்டிலும் குடியிருப்பவருக்கு இவைதாம் முதல் கேள்விகள்.

நான் திருப்பூரில் சாய ஆலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சாய ஆலைகள் மூடப்பட்டதையும், பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு நாங்கள் மாறப் பட்ட பாட்டையும் உள்ளிருந்து பார்த்தவன். அதே நான் 11 ஆண்டுகளாக வீட்டில் ஒரு கடல்தொட்டியும் வைத்திருக்கிறேன். எனவே இந்தப் பொழுதுபோக்கை எதிர்த்து நான் எழுதவில்லை. காலையில் விளக்கு எரிந்ததும் மென்பவளம் மெல்ல விரிவதைப் பார்ப்பது என் நாளின் நல்ல நேரங்களில் ஒன்று. அந்த நேரத்துக்கு நான் கொடுக்கும் விலை இன்னொருவர் மண்ணிலிருந்தோ இன்னொரு கடலிலிருந்தோ எடுத்ததாக இருக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

கட்டுரையில் வந்ததைப் போன்ற தொட்டி ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம் என்று வைத்துக்கொண்டால் 30 கன அடி, அதாவது ஏறக்குறைய 850 லிட்டர் கொள்ளும். உள்ளே அடுக்கும் பாறைகள் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்து, கீழே அலமாரிக்குள் வைக்கும் வடிகட்டித் தொட்டியின் நீரைச் சேர்த்தால் சுமார் 900 லிட்டர் ஆகும். கண்ணாடி, பாறை, தாங்கி எல்லாம் சேர்ந்த எடை ஒரு டன்னைத் தாண்டிவிடும். நம் வீடுகளின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமை என்ற கணக்கில் வடிவமைக்கப்படுவது வழக்கம். இந்தத் தொட்டி தான் நிற்கும் இடத்தில் அதைப் போல் நான்கு மடங்குக்கு மேல் அழுத்தும். மாடியில் வைக்க விரும்புவோர் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வைக்கக் கூடாது.

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆகவே தொட்டியை முதன்முதலில் நிரப்பவே 31 கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும். அது சமையல் உப்பு அன்று. மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவை கடலில் உள்ள விகிதத்தில் கலந்த தயாரிப்பு உப்பு. அதைக் கரைக்கும் நீர் மழைநீரை விடத் தூய்மையாக இருக்க வேண்டும். என் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 1,400 மில்லிகிராம். மாநகராட்சிக் குழாயில் வரும் பவானி நீர் அதைவிடப் பல மடங்கு நல்லது என்றாலும் அதில் குளோரின் உண்டு. குளோரின் மீனையும் கொல்லும், ஆர்.ஓ. கருவியில் உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பரேனையும் அரிக்கும். அதனால்தான் கரி வடிகட்டி, மெம்பரேன், அதற்கும் பிறகு மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் ரெசின் என்று மூன்று படிகள் தாண்டி, மீட்டர் பூச்சியம் காட்டும் நீரையே தொட்டிக்கு எடுக்கிறோம்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் பலர் தவறுகிறார்கள். தொட்டியிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு நீர் ஆவியாகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும் நாட்களில் இன்னும் கூடும். ஆவியாவது நீர் மட்டுமே; உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவை ஈடுசெய்ய ஊற்ற வேண்டியது உப்புநீர் அன்று, தூய நன்னீர். அந்த நன்னீருக்குப் பதிலாகக் கிணற்று நீரை ஊற்றினால் என்ன ஆகும்? 1,000 டி.டி.எஸ். உள்ள நீரை நாளுக்கு 9 லிட்டர் ஊற்றுவதாகக் கொண்டால் நாளுக்கு 9 கிராம் வேண்டாத உப்பு, ஆண்டுக்கு 3 கிலோவுக்கு மேல், உள்ளே சேர்ந்துகொண்டே போகும். மீட்டரில் உப்புத்தன்மை சரியாகத் தோன்றும். அந்த உப்பின் கலவை மட்டும் கடலின் கலவையாக இருக்காது. பாறை முழுவதும் பழுப்புப் பாசி படிந்து, பவளங்கள் விரியாமல் சுருங்கிக் கிடப்பதைப் பார்த்த பிறகே நம்மில் பலர் தண்ணீரைச் சந்தேகிக்கிறோம்.

தூய நீர் எடுப்பதிலும் ஒரு கடன் இருக்கிறது. சிறிய ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் தூய நீர் தர மூன்று லிட்டரை ரிஜெக்டாக, அதாவது உப்புக் கூடிய கழிவுநீராக, வெளியே தள்ளும். என் தொட்டிக்குத் தொடக்க ஆண்டுகளில் ஆவியாதலுக்கும் நீர் மாற்றத்துக்கும் சேர்த்து மாதம் சுமார் 450 லிட்டர் தூய நீர் வேண்டியிருந்தது. அப்படியானால் 1,350 லிட்டர் ரிஜெக்ட். ஆயிரம் அடி துளைத்தும் நீர் வராத ஊர்கள் நம்மைச் சுற்றி இருக்கும்போது, அந்த நீரைச் சாக்கடையில் விடுவதை எந்த அழகும் நியாயப்படுத்தாது. எங்கள் வீட்டில் அது தரை கழுவவும் கழிப்பறைக்கும் போகிறது. ஆயினும் அது பாதி வழிதான். மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானபோது நாங்கள் அமைத்த 12,000 லிட்டர் நிலத்தடித் தொட்டியே மீதி வழியைக் காட்டியது. கூரையிலிருந்து ஐப்பசி மழையில் இறங்கும் நீரின் டி.டி.எஸ். 20-க்கு மேல் போவதில்லை. அதைக் கருவியில் விட்டால் மெம்பரேனில் சுண்ணாம்பு படியாது. ரிஜெக்டையும் லிட்டருக்கு லிட்டர் என்ற அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். மழை குறைவான நம் பக்கத்திலும் ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு விழும் நீர் ஒரு கடல்தொட்டியின் தேவையைப் போல் பல மடங்கு. கடல்தொட்டி வாங்கும் எண்ணம் உள்ளவர் முதலில் மழைநீர்த் தொட்டியைக் கழுவி வைக்கட்டும் என்று என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

இனி வெளியே போகும் உப்பு. இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை.

முதல் நான்கு ஆண்டுகள் நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை 90 லிட்டர் நீரை மாற்றி, எடுத்த நீரைக் கொல்லைப்புறத்தில் ஊற்றி வந்தேன். மாதத்துக்கு 180 லிட்டர். அதில் 6 கிலோவுக்கு மேல் உப்பு. ஆண்டுக்கு 75 கிலோ. அந்தக் கணக்கை நான் அப்போது போட்டுப் பார்க்கவில்லை. பகலெல்லாம் சாயநீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்துவிட்டு, மாலையில் வீட்டு மண்ணில் உப்பைக் கொட்டினேன். தென்னை தாங்கிக்கொண்டது. கறிவேப்பிலை மரம் இலை நுனியில் கருகத் தொடங்கியபோது வெயில் என்று நினைத்தேன். பிறகு முருங்கை பூவை உதிர்த்தது. மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கி, காய்ந்ததும் மண் தட்டு போல் வெடித்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருநாள் வேலி ஓரம் நின்று அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பொடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணு, நொய்யல் ஓரத்துல எங்க மண்ணும் இப்படித்தான் போச்சு” என்றார். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே அவருடைய பூர்வீக நிலம் இருந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அந்த அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியபோது அந்த நிலத்தை விட்டு வந்தவர் அவர்.

அன்றிரவே ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தூய நீர் கலந்து, வடித்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைப் பார்த்தேன். வேலையில் ஆயிரம் முறை செய்த சோதனைதான். மீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சோடியம் மண்ணில் சேரும்போது களிமண் துகள்களைப் பிணைத்து வைத்திருக்கும் கால்சியத்தை அகற்றிவிடும். துகள்கள் பிரிந்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். அதன்பின் நல்ல மழைநீரும் உள்ளே இறங்காது. கால்சியம் தரும் ஜிப்சம் இட்டு, மழைநீர் விட்டு அந்த நாலு சென்ட் இடத்தை மீட்க எனக்கு மூன்று மழைக்காலம் ஆயிற்று. கறிவேப்பிலை மரம் பிழைக்கவில்லை.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முதலாவதாக, மாற்றும் நீரின் அளவையே குறைத்தேன். நீரை மாற்றுவதன் முக்கிய நோக்கம் மீன் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட்டைக் குறைப்பது. அதே நைட்ரேட்டை உண்டு வளரும் நூல்பாசி வகை ஒன்றைக் கீழ்த்தொட்டியில் தனி அறை ஒதுக்கி வளர்க்கிறேன். இருவாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி அறுத்து எடுத்தால் அதோடு நைட்ரேட்டும் வெளியேறுகிறது. மீனின் எண்ணிக்கையையும் தீனியையும் குறைத்தேன். இதனால் மாதத்துக்கு 180 லிட்டர் மாற்றியது 60 லிட்டராகிவிட்டது. அந்த 60 லிட்டரையும் மொட்டை மாடியில் எட்டடிக்கு நாலடித் தட்டில், கருப்பு விரிப்பின் மேல், ஒரு விரல்கடை ஆழத்துக்கு ஊற்றிக் காய வைக்கிறேன். வெயில் காலத்தில் ஒரு வாரம் போதும். மழைக்காலத்தில் மேலே ஒளி ஊடுருவும் தகடு போட வேண்டும், நாள் அதிகமாகும். சுரண்டி எடுக்கும் உப்பு மாதம் இரண்டு கிலோ. அது மழை படாத இடத்தில் மூட்டையாக இருக்கிறது. பாதாளச் சாக்கடை இணைப்பும் அதன் முடிவில் சுத்திகரிப்பு நிலையமும் உள்ள பகுதியில் இருப்பவர்கள் இந்தச் சிறிய அளவை மற்ற வீட்டுக் கழிவுநீரோடு கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். செப்டிக் டேங்க் உள்ளவர்களும் திறந்த வாய்க்காலை ஒட்டிக் குடியிருப்பவர்களும் ஒருபோதும் விடக் கூடாது.

தண்ணீருக்கு அடுத்து, பவளம் எங்கிருந்து வருகிறது என்பது. இதிலும் தங்கள் கட்டுரை மௌனமாக இருந்தது. கடினப் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், விசிறிப் பவளம், நெருப்புப் பவளம் ஆகியவையும், கடல்குதிரையும் கடல் அட்டையும் 2001-ஆம் ஆண்டு முதல் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை அது. நம் கடலில் அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இது தெரியாமல் வாங்குவோர் உண்டு. தெரிந்தே விற்போரும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில், ஈரச் செய்தித்தாளில் சுற்றிய முஷ்டி அளவுக் கல்பவளம் ஒன்றை “தூத்துக்குடி சரக்கு, நேற்று வந்தது” என்று என்னிடம் நீட்டினார்கள். உருண்டையாக வளரும் பவள வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே வளரும். அந்த முஷ்டி வளர எத்தனை ஆண்டு ஆகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே வெளியே வந்தேன். அந்தக் கடைக்கு மறுபடி போகவில்லை.

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் இன்று நீருக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஆலைகளுக்கும் என்று பல பத்தாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க அரண் இல்லாமல் மண் கரைந்தது. போதாததற்கு 2010-இலும் 2016-இலும் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகி அங்கே பவளங்கள் வெளுத்தன. பவள உயிரியின் உடலுக்குள் குடியிருந்து சூரிய ஒளியில் அதற்கு உணவு சமைத்துக் கொடுக்கும் நுண்பாசிகள், நீரின் வெப்பம் வாரக்கணக்கில் 30 டிகிரிக்கு மேல் நிற்கும்போது வெளியேறிவிடுகின்றன. நிறம் போனதோடு உணவும் போய்ப் பவளம் பட்டினி கிடக்கிறது. அந்தக் கடலிலிருந்து ஒரு துண்டை உடைத்து வந்து காங்கயத்தில் குளிரூட்டிய தொட்டியில் வைத்துக் காப்பாற்றுவதாகச் சொல்வது சரியாகாது.

என் தொட்டியில் கடினப் பவளம் இல்லை. வார்த்துச் செய்த செயற்கைப் பாறையின் மேல் இளஞ்சிவப்புச் சுண்ணப்பாசி படர்ந்திருக்கிறது. கல் எலும்புக்கூடு கட்டாத காளான் வடிவ மென்பவளங்கள் கோவையில் ஒரு நண்பரின் தொட்டியில் பெருகியவை; என்னிடமும் பெருகி இன்னும் நான்கு வீடுகளுக்குப் போயிருக்கின்றன. மீன்களில் ஒரு இணை கோமாளி மீன். குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களை நம் மாநிலத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கின்றன. அப்படியிருக்க, பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் சயனைடு தெளித்து மயக்கிப் பிடித்த வரலாறு உள்ள வணிகத்திலிருந்து, கேள்வி கேட்காமல் மீன் வாங்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

தொட்டி அமைத்த மறுநாளே மீன் விடுவது பற்றியும் ஒரு சொல். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் உயிரியல் தொட்டியை நடத்தியதும் இதே வகை நுண்ணுயிர்கள்தாம். அவற்றை அவசரப்படுத்த எங்களாலும் முடிந்ததில்லை. அதுவரை விளக்கை எரித்து, வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க முடியாதவர்கள் மீனை அமோனியாவில் இறக்குகிறார்கள் என்றே பொருள்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கள் நாளிதழில் நான் முதலில் படிப்பது மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பைத்தான். சித்திரை வெயிலில் காலை 9 மணி முதல் மாலை வரை மின்சாரம் நின்றால் குளிரூட்டி நிற்கும், பம்ப் நிற்கும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு. குளிரூட்டியை இன்வெர்ட்டர் தாங்காது. நீரை அசைக்கும் சிறு பம்பை மட்டும் அதில் இணைத்து வைத்தாலே மீன்கள் அந்தப் பகலைத் தாண்டும். உப்புநீர் தெறித்து வயர் வழியே ஏறும் என்பதால் 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாமல் எந்தக் கடல்தொட்டியும் இருக்கக் கூடாது. பொத்தான் பவளம் என்று விற்கப்படும் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டியிருக்கும் கல்லின் மேல் கொதிநீர் ஊற்றுவதோ, வெறுங்கையால் தேய்ப்பதோ வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து. குழந்தைகள் உள்ள வீடுகளில் இதைக் கடைக்காரர் சொல்லியே விற்க வேண்டும்.

கடல்தொட்டி விற்கும் கடைகளுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஒவ்வொரு தொட்டியோடும் ஒரு தாள் கொடுங்கள். அந்தத் தொட்டிக்கு மாதம் எவ்வளவு தூய நீர் வேண்டும், எவ்வளவு ரிஜெக்ட் வரும், எத்தனை கிலோ உப்பு வெளியேறும், கடையில் உள்ள ஒவ்வொரு உயிரும் பண்ணையில் பிறந்ததா கடலில் பிடித்ததா என்பதை அதில் எழுதுங்கள். இவற்றைக் கணக்கிட அரை மணி நேரம் போதும். வாங்க வருபவர்களும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கட்டும். தர மறுக்கும் கடையில் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அக்கட்டுரையில் படம் வந்த தொட்டியின் உரிமையாளரிடம் நிருபரை மறுபடி அனுப்பி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, உப்பு எங்கே போகிறது என்று கேட்டு, அவர் சொல்வதை அதே பக்கத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர்,
திருப்பூர்.